தகரத்து மல்லிகைக்கு நான் ஊற்றிய மருந்து

தம்பி,

நலமா என்று கேட்டுவிட்டு ஆரம்பிக்க எனக்குப் பொறுமை இல்லை. விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவின் வலது காலில் புண். இனிப்பு நீர் உள்ளவளுக்குக் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு விரலை இந்த வாரத்துக்குள் எடுத்துவிட்டால் பாதம் தப்பும், தள்ளிப்போட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். உன் அம்மா வரமாட்டேன் என்கிறாள். அழவில்லை, சண்டை போடவில்லை. "என் மல்லி ஒரு தளிர் விடட்டும். விட்ட அன்னிக்கே வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தச் செடி தளிர் விடாது தம்பி. ஏன் விடாது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லி உன்னைக் கூப்பிடத்தான் எழுதுகிறேன்.

உன் எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டேன். நீ நாற்றங்காலில் இருக்கிறாய், ஆள் அனுப்ப முடியாது என்றார்கள். நல்லதாகப் போயிற்று. போனில் நான் பேசினால் கத்திவிடுவேன். கத்தினால் நீ போனை வைத்துவிடுவாய். எழுதும்போது என் வாய் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நீ இருக்கிற பாகான் டத்தோவிலிருந்து இங்கே பாசாருக்கு, சந்தைக்கு, தேங்காய் ஏற்றி வரும் லாரிக்காரர் பொழுது சாய்வதற்குள் திரும்புகிறாராம், கையோடு கொண்டுவந்து தருகிறேன் என்றிருக்கிறார். நேற்று மத்தியானத்திலிருந்து, அவள் கண் அயரும்போதெல்லாம், சமையற்கட்டுப் பலகையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் தோட்டத்தில் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் அது என்னை என்ன ஆக்கியது என்று உனக்குத் தெரியாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவனுக்குப் பட்டை தெரியும். நான் வேர் கேங்கில் இருந்தவன். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்ததும் சங்குள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிரை நிரையாகப் போய், ஒவ்வொரு மரத்தின் அடியையும் தோண்டிப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. வேரில் வெள்ளை நூல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதுதான் வெள்ளை வேர் நோய். மேலே மரம் பச்சையாக நிற்கும், பால் கொடுக்கும், கீழே வேர் செத்துக்கொண்டிருக்கும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சுரண்டி எடுத்துவிட்டு மருந்தைப் பூசுவோம். முற்றிப்போனால் வேரை வெட்டுவோம். அதற்கும் மேலே போனால் மரத்தையே சாய்த்து, நோய் பக்கத்து மரத்துக்குப் போகாமல் சுற்றிலும் பள்ளமாகக் காண் வெட்டுவோம். ஒருமுறை எனக்குக் காய்ச்சல். ஒரு மரத்தடியைச் சரியாகத் தோண்டாமல் நல்ல மரம் என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டேன். அடுத்த மழைக்காலத்தில் அந்த இடமே வழுக்கைத் தலையாக நின்றது. எங்களை வேலை வாங்குகிற மண்டோர் என்னை ஆட்கள் முன்னால் நிறுத்தி வைத்துப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து மண்ணில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வேப்பங்குச்சி நட்டு விளையாடுவாய். அதன் அடியில் பூஞ்சணம் படர்ந்திருந்தது என்று அதையும் பிடுங்கி அடுப்பில் போட்டவன் நான். நீ அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

அம்மாவின் மல்லிகை அந்தக் காலத்திலேயே இருந்தது. நம் லயத்து வீட்டின் பின்னால், குளிக்கிற தண்ணீர் ஓடும் காணோரம். அதற்கு அவள் உரம் போட்டதில்லை. காய்ந்த இலையை அள்ளி அடியில் போடுவாள், மீன் கழுவின தண்ணீரை ஊற்றுவாள், அவ்வளவுதான். அது பூத்த பூப்பு லயத்துக்கே தெரியும். வெள்ளிக்கிழமையானால் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் நம் பின்கட்டில்தான் நிற்பார்கள். பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை போடப் போகிறோம், லயத்தைக் காலி செய்யுங்கள் என்று துரை வீட்டிலிருந்து செய்தி வந்தபோது, நான் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தேன், அவள் மல்லிகையைத் தோண்டிக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய்த் தகரத்தின் வாயை வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, வேரோடும் மண்ணோடும் அப்படியே தூக்கி அதில் வைத்தாள். "மண்ண உதறிட்டு வை, லாரியில பாரம்" என்றேன். "இந்த மண்ணு இல்லாம இது வராது" என்றாள். அவள் எங்கேயும் படித்ததில்லை. யாரும் சொல்லியும் கொடுத்ததில்லை. அந்த மண்ணைவிட்டுப் பிரிய அவளுக்கு மனம் இல்லை, அவ்வளவுதான். நீ அப்போது செர்டாங்கில் விவசாயக் கல்லூரிக்குப் போன புதிது.

ஈப்போவில் இந்த அடுக்குமாடிக்கு வந்த பிறகு நான் தொழிற்சாலையில் காவல் காக்கிற ஜாகா வேலைக்குப் போனேன். அவளுக்குப் பேச ஆள் இல்லை. வாசலுக்கு வெளியே உள்ள நடையில் தகரத்தை வைத்துவிட்டு அதனோடுதான் பேசுவாள். இந்த மாடியில் எல்லார் வீட்டு வாசலிலும் செடி உண்டு. ஈயம் தோண்டிய குட்டைப் பக்கத்து வெறும் மணலை அள்ளி வந்து நட்டிருப்பார்கள், இரண்டு மாசத்தில் குச்சியாகிவிடும். நம் தகரம் மட்டும் பூத்துக்கொண்டே இருந்தது. எதிர் வீட்டு ஆ-சோ, அதுதான் நீங்கள் எல்லாரும் அப்படிக் கூப்பிடுகிற அந்தச் சீன அம்மா, கோப்பெங்கில் மளிகைக் கடை வைத்து நம் ஆட்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றவர். சீனப் பெருநாளுக்கு வைக்கிற சின்ன எலுமிச்சைச் செடி ஒன்று அவரிடம் இலை மஞ்சளித்துப்போய் நின்றது. "உன் மண்ணு நல்ல மண்ணு லா, கொஞ்சம் குடு" என்று வந்து கேட்டார். உன் அம்மா இரண்டு கை அள்ளிக் கொடுத்தாள். நான்தான் முணுமுணுத்தேன். தோட்டத்திலிருந்து தூக்கி வந்த மண்ணை ஊருக்குத் தானம் பண்ணுகிறாள் என்று. அந்த எலுமிச்சை அதற்கு அடுத்த பெருநாளுக்குக் காய் தாங்காமல் சாய்ந்து நின்றதை நீயே பார்த்தாய்.

போன தீபாவளியை இப்போது எழுத வேண்டும். நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் நான் எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நீயும் தெரிந்துகொள். வாசலுக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தகரத்தை நகர்த்தினேன். துருப்பிடித்த ஒரு பக்கம் அப்படியே கையோடு வந்துவிட்டது. உள்ளே மண் தெரிந்தது. இலைமக்கு ஊடே வெள்ளை வெள்ளையாக நூல். "வெள்ள வேரு. இங்கயும் வந்திருச்சு" என்று கத்தினேன். நீ கையில் பலகாரத் தட்டோடு வந்து குனிந்து பார்த்தாய். பொறுமையாகத்தான் சொன்னாய், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். "அப்பா, இது ரப்பர் மரத்துல வர்ற நோய் இல்ல. இது இல மக்குறப்ப வர்ற பூஞ்சணம், ஒண்ணும் செய்யாது. இந்த மண்ணுல இன்னொண்ணும் இருக்கு. அது இத விட மெலிசு, கண்ணுக்கே தெரியாது. வேருக்குள்ள பாதி, வெளிய பாதின்னு இருக்கும். அதனாலதான் அம்மா செடி இப்படிப் பூக்குது."

நான் சிரித்தேன். வேருக்குள்ளே பூஞ்சணம் புகுந்தால் செடி செத்துப்போகும், அதற்குத்தானே ஆயுள் பூரா எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றேன். நீ விடவில்லை. அந்தப் பூஞ்சணம் வேரிடமிருந்து கொஞ்சம் இனிப்பை வாங்கிக்கொள்ளும், அதற்குப் பதிலாக வேர் எட்ட முடியாத இடத்துக்கெல்லாம் நூல் விட்டுச் சத்தையும் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுக்கும் என்றாய். தொட்டியில் வளர்கிற செடிக்கு ஓட இடமே கிடையாது, இருக்கிற மண்ணை ஒன்றுவிடாமல் துழாவிக் கொடுப்பது அதுதான் என்றாய். உங்கள் கல்லூரியில் நோய் வரக்கூடாதென்று நாற்றங்கால் மண்ணுக்கு மருந்தடித்துச் சுத்தப்படுத்தினார்களாம். அதில் போட்ட எலுமிச்சை நாற்று எல்லாம் எவ்வளவு உரம் கொட்டியும் வளராமல் மஞ்சளாக நின்றதாம். பழைய தோட்டத்து மண்ணை ஆளுக்கு ஒரு கைப்பிடி போட்ட பிறகு, சில வாரத்தில் பச்சை கட்டி எழுந்ததாம். இதை நீ சொல்லும்போது உன் அம்மா கரண்டியோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒறமோரு மாதிரின்னு சொல்லு" என்றாள். "ஆமாம்மா, அதேதான்" என்றாய் நீ. இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை. வேறு ஒன்றுமே இல்லை. தாயும் பிள்ளையும் சேர்ந்துகொண்டு என் தொழிலைச் சிரிப்பதாக என் புத்திக்குப் பட்டது. "நான் வேரத் தோண்டித்தான்டா உனக்குச் சோறு போட்டேன். காலேஜுக்குப் போயி என் வேரயே எனக்குக் காட்டுறியா? உனக்கு இந்த வீட்டு மண்ணுல வேல இல்ல, போ" என்றேன். ஆ-சோ வீட்டுக்கு வந்திருந்த விருந்தாட்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீ தட்டைக் கீழே வைத்தாய். உள்ளே இலை போட்டு ஆட்டுக்கறி பரிமாறியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாய். அம்மா நடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். இலையை அவள் எடுக்கவில்லை. சாயங்காலம் நான்தான் எடுத்துக் கொட்டினேன்.

மறுநாள் அவள் கோயிலுக்குப் போன சமயம் பார்த்து, கட்டிலுக்கடியில் இருந்த என் பழைய சாமான் பெட்டியைத் திறந்தேன். தோட்டத்திலிருந்து வரும்போது எடுத்து வந்த வேர் மருந்து பாதி டப்பா இருந்தது. தண்ணீரில் கரைத்துத் தகரத்து மண் பூராவும் நனைகிற மாதிரி ஊற்றினேன். கோபத்தில் ஊற்றினேன் என்று சொன்னால் பாதி உண்மை. பயத்திலும் ஊற்றினேன். அவளுடைய செடி செத்துவிடுமோ என்று எனக்கு உண்மையாகவே பயம் இருந்தது தம்பி. நான் சரியாகச் செய்திருக்கிறேன், தை மாசம் இது பூத்துக் குலுங்கும்போது உனக்கு ஒரு முழம் கட்டி அனுப்ப வேண்டும் என்றுகூட நினைத்தேன். உன் அம்மா புதுத் தகரத்துக்கு மாற்றலாம் என்றாள். மண் கலையும், வேண்டாம் என்று துருப்பிடித்த தகரத்தையே கம்பியால் இறுக்கிக் கட்டி வைத்தேன்.

வெள்ளை நூல் மறைந்தது. கொஞ்ச நாளிலேயே செடியும் நின்றுபோனது. சாகவில்லை, சும்மா நின்றது. புது இலை இல்லை. இருந்த இலை ஓரம் வெளுத்தது. மொட்டு கடுகு அளவில் கருகியது. நான் உரம் வாங்கி வந்து போட்டேன். கேட்கவில்லை என்றதும் இன்னும் போட்டேன். உரம் ஏறினால் அந்தப் பூஞ்சணத்தைச் செடியே வேண்டாம் என்று ஒதுக்கிவிடும் என்று நீ அன்று சொன்னது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. மண் நிறையச் சத்து இருக்கிறது, கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை. அப்படித்தான் அது பட்டினி கிடந்தது.

உன் அம்மா என்ன நினைத்தாளோ, வெயில் போதவில்லை என்று தகரத்தை இழுக்க ஆரம்பித்தாள். இந்த நடையில் வெயில் ஓர் இடத்தில் நிற்காது. காலையில் மாடிப்படிப் பக்கம் விழும், மத்தியானம் எங்கள் கதவுக்கு நேரே வரும், பிறகு ஆ-சோ வாசலுக்குப் போய்விடும். வெயில் போகிற இடத்துக்கெல்லாம் அவள் தகரத்தை இழுத்துக்கொண்டு போனாள். செருப்புப் போட மாட்டாள், உனக்குத் தெரியுமே. நான் கம்பி கட்டியிருந்தேனே, அந்த இடத்தில் துருத் தகரம் நீட்டிக்கொண்டிருந்தது. அது விரலைக் கிழித்துவிட்டது. இனிப்பு நீர்க் காலில் உணர்ச்சி இல்லை. சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவள் குனிந்து பார்த்தாள். மஞ்சள் வைத்துக் கட்டினாள். மறுநாளும் இழுத்தாள். இப்படித்தான் வந்தது இந்தப் புண். யார் கொண்டுவந்தது என்று நீ கேட்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நான்தான் அவளுக்குச் சொன்னேன். எனக்குப் பதமாகச் சொல்லத் தெரியவில்லை. கெட்டுப்போனதை வெட்டினால்தான் மிச்சம் பிழைக்கும், நான் எத்தனை மரத்தில் பார்த்திருக்கிறேன் என்றேன். அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். "உங்களுக்கு வெட்டுறதும் மருந்து பூசுறதும்தானே தெரியும். நான் பால்மரமா?" என்றாள். அதற்குமேல்தான் அந்தத் தளிர்ப் பேச்சு. தூக்கிக்கொண்டு போய்ப் போட்டால் என்ன என்று நீ கேட்பாய். அவள் கைநாட்டு வைக்காமல் கத்தி வைக்க முடியாதாம். அவளை மிரட்டிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். காலைப் பிடித்தும் பார்த்தேன், அந்தக் காலைத்தான். அசையவில்லை.

பிறகு நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். சிரி, பரவாயில்லை. கோப்பெங் சாலையில் செடி விற்கிற இடத்துக்குப் போய், அதே உயரத்தில், தளிர் விட்ட ஒரு மல்லிகையை வாங்கினேன். அவள் தூங்கும்போது பழைய செடியை மாடிப்படிக்கு அடியில் ஒளித்துவிட்டு, அதேபோல ஒரு பழைய தகரம் தேடி இதை நட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். "பாத்தியா, தளிரு விட்டிருச்சு. கெளம்பு" என்றேன். அவள் கையை நீட்டித் தண்டைத் தடவினாள். அடியில் ஒரு முடிச்சு உண்டாம், லயத்தில் நீ சைக்கிளை ஏற்றி ஒடித்த இடமாம். அது இல்லை. "இது யாரு வீட்டுச் செடி?" என்றாள்.

நான் அந்தத் தகரத்தைத் தள்ளி வைத்தேன். அவள்தான் பேசினாள். "மருந்து ஊத்துனீங்கள்ல, தீபாவளிக்கு மறுநாளு." உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இத்தன வருஷமா உங்க சட்டையத் தொவச்சது யாரு? அந்த வாசன எனக்குத் தெரியாதா? கோயில்லருந்து வந்து கதவத் தொறக்கும்போதே தெரிஞ்சிருச்சு." தெரிந்தும் ஏன் தகரத்தை இழுத்துக்கொண்டு அலைந்தாள் என்று கேட்டேன். "வெயில்ல மருந்து முறிஞ்சிரும்னு நெனச்சேன்" என்றாள். தளிர் விடாது என்று தெரிந்தும் ஏன் அதைப் பேச்சாக வைத்தாள் என்று கேட்டேன். அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நடக்காது என்று தெரிந்துதான் அவள் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். அவள் போக விரும்பவில்லை தம்பி. வெட்டுவதும் வேண்டாம், பிழைப்பதும் வேண்டாம் என்று படுத்திருக்கிறாள். நான் இதுவரை எதற்கும் இப்படிப் பயந்ததில்லை. தோட்டத்தில் புலி வந்த காலத்திலும் பயந்ததில்லை.

ஆனால் உன் அம்மா சொன்ன சொல்லை மீறினதே கிடையாது. அதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தளிர் விட்டால் வருகிறேன் என்றாள். விடவைத்துவிட்டால் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அந்த யோசனையில் நடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எதிரே ஆ-சோவின் எலுமிச்சை என் கண்ணில் பட்டது. உன் அம்மா அள்ளிக் கொடுத்த அந்த இரண்டு கை மண். நான் மருந்து ஊற்றாத மண். எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. தீபாவளிச் சண்டையைப் பார்த்தவர்தானே. ஆ-சோ உள்ளே போய் ஒரு கரண்டி எடுத்து வந்தார். எலுமிச்சையின் அடியில் சன்னமான வேரோடு சேர்த்துத் தோண்டி என் கையில் வைத்தார். "உன் பெண்டாட்டி குடுத்ததுதான் லா. திருப்பி எடுத்துக்கோ" என்றார். அவர் வீட்டு வாசலிலேயே நின்று அழுதேன். இதை யாரிடமும் சொல்லாதே.

அந்த மண்ணை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்திருக்கிறேன். செடியில் போடப் பயமாக இருக்கிறது. தகரத்தில் என் மருந்து இன்னும் இருக்குமே, இதையும் கொன்றுவிட்டால் பிறகு எங்கே போவேன்? பழைய மண்ணை முழுக்க உதறிவிட வேண்டுமா, வேரைக் கழுவலாமா, இலையைக் கழிக்க வேண்டுமா, இதை வேரோடு ஒட்டிப் போடுவதா மேலே தூவுவதா, எனக்கு ஒன்றும் தெரியாது. வேரைப் பற்றித்தான் எனக்கு எல்லாம் தெரியும் என்று அன்று கத்தினேனே, அந்த நான்தான் இப்படி எழுதுகிறேன். நோயை அடையாளம் கண்டுபிடிக்க மட்டும்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நல்லதை அடையாளம் காண யாரும் சொல்லித் தரவில்லை. நீ சொல்லித் தந்தாய், நான் கேட்கவில்லை. இப்போது உன் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் யாராவது உன்னிடம் ஒன்று சொன்னால், யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்காதே, என்ன சொல்கிறார்கள் என்று கேள். அறிவுரை என்று என்னிடம் மிச்சம் இருப்பது இவ்வளவுதான்.

வரும்போது உன் நாற்றங்காலிலிருந்து மருந்தும் உரமும் படாத மண் ஒரு சாக்கில் கொண்டுவா. சில வாரம் ஆகும் என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. என்னிடம் வாரங்கள் இல்லை, இந்த வாரம்தான் இருக்கிறது. ஆனாலும் நீ அவள் கண் முன்னால் அந்தச் செடியைப் புது மண்ணில் வைத்து, இது கட்டாயம் தளிர் விடும், அம்மா, நீ ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது விட்டிருக்கும் என்று சொல். நீ சொன்னால் நம்புவாள். நான் சொன்னால் தண்டைத் தடவிப் பார்ப்பாள். என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை, அதற்கு இப்போது நேரமும் இல்லை. என்னோடு பேசாமலே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனாலும் சரி. நீ என்ன சொல்கிறாயோ அதை அப்படியே செய்வேன், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசினால் என் வாயிலேயே அடி.

இந்த இடம் வரை எழுதியபோது அவள் விழித்துவிட்டாள். "யாருக்கு எழுதுறீங்க, இவ்வளவு நேரமா?" என்று கட்டிலிலிருந்தே கேட்டாள். உனக்கு என்றேன். நான் காகிதத்தை மடிக்கப் போனேன். "தீபாவளி அன்னிக்கு எலையில போட்டத அப்படியே விட்டுட்டுப் போனான்" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு அவள் மெதுவாகச் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை: "காலு முழுசா இருக்கும்போதே வரச் சொல்லுங்க. நின்னு ஒரு வேள ஆக்கிப் போட்டுட்டுப் போறேன்."

போறேன் என்றாள் தம்பி, ஆஸ்பத்திரிக்கு. நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் மாற்றிவிடுவாளோ என்று பயம். இப்போது கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, பாசாருக்குப் போகிற வழியில் ஆட்டுக்கறி கிடைக்குமா என்று கேட்கிறாள். கீழே லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். முதல் பஸ்ஸில் ஏறு. வழியில் எங்கேயும் இறங்கி எதையும் வாங்கித் தின்றுவிடாதே. சாப்பிடாமல் வா.

அப்பா